சோதனை எடுத்தவரா, எடுபட்டவரா? அரச உத்தியோகக் கடதாசிகளை ஆங்கிலமாக்கும் முறை

"மகள் எஸ்.எல்.ஏ.எஸ். எடுத்தவ." யாழ்ப்பாணத்தில் ஒரு தகப்பன் இப்படிச் சொன்னால், சொல்லும் முகத்தைப் பார்த்தே மிச்சத்தை விளங்கிக்கொள்வோம். அதையே அவர் கடிதமாக எழுதி, விசா விண்ணப்பத்தோடு வைக்க ஆங்கிலத்தில் வேண்டும் என்று கொண்டுவந்தால், கடிதத்தோடு முகம் போகாது. மகள் பரீட்சை எழுதினாரா, சித்தியடைந்தாரா, எஸ்.எல்.ஏ.எஸ். என்ற இலங்கை நிருவாக சேவையில் உத்தியோகத்தராக இருக்கிறாரா? மூன்றுக்கும் ஆங்கிலத்தில் மூன்று வேறு வாக்கியம். பிழையானதைப் போட்டால் கூட வைத்த நியமனக் கடிதத்தோடு மொழிபெயர்ப்பு முரண்படும். வாசிக்கும் அதிகாரி அதை மொழிச் சிக்கல் என்று எடுக்க மாட்டார், பொய் என்றே எடுப்பார். பாதிக்கப்படுவது அந்தப் பிள்ளை.

முதலில் படியைப் பிடியுங்கள்

கடதாசி கைக்கு வந்தவுடன் ஆங்கிலச் சொல்லைத் தேடாதீர்கள். வெற்றுத்தாள் ஒன்றில் எட்டுப் படிகளை எழுதுங்கள்: விண்ணப்பித்தல், தோற்றுதல், சித்தியடைதல், நேர்முகத்துக்கு அழைக்கப்படுதல், தெரிவு செய்யப்படுதல், நியமனம், கடமையேற்றல், பதவியில் உறுதிப்படுத்தல். கடதாசியில் சொல்லப்படும் ஆள் எந்தத் திகதியில் எந்தப் படியில் நின்றார் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். இந்த ஒரு தாள் கையில் இருந்தால் பிழைகளில் பெரும்பகுதி வராது, ஏனென்றால் ஆங்கிலத்தில் ஒவ்வொரு படிக்கும் தனி வினைச்சொல் உண்டு: 'சற்', 'பாஸ்ட்', 'செலெக்ரெட்', 'அப்பொயின்ரெட்', 'அஸ்யூம்ட் டியூற்றீஸ்', 'கொன்ஃபேம்ட்'. எங்கள் பேச்சிலோ "கிடைச்சிட்டுது" என்ற ஒரு சொல் தெரிவிலிருந்து கடமையேற்பு வரை மூன்று படிகளை விழுங்கிவிடும். "பேர் வந்திட்டுது" என்பது இன்னும் மோசம். நேர்முகத்துக்கான பட்டியலில் பெயர் வந்தாலும் அதே சொல், கடைசித் தெரிவுப் பட்டியலில் வந்தாலும் அதே சொல்.

'எடுத்தல்' என்ற வினையை இங்கே வைத்தே தீர்த்துவிடலாம். "சோதினை எடுத்தவர்" என்றால் தோற்றியவர், அவ்வளவுதான். "பாஸ் எடுத்தவர்" என்றால் சித்தியடைந்தவர். "எடுபட்டவர்" என்றால் தெரிவானவர். சேவையின் பெயரை மட்டும் சொல்லி "எடுத்தவர்", "எடுத்திட்டார்" என்றால் எதுவும் நிச்சயமில்லை. கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இந்தச் சிக்கல் எங்களோடு நிற்பதல்ல. ஸ்பெயினின் கற்றலோனியாவில் அரச உத்தியோகப் போட்டிப் பரீட்சைக்கு 'ஒப்போசிசியோன்ஸ்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் 'எதிர்ப்புகள்' என்று வந்து நிற்கும், வாசகருக்கு ஒன்றும் விளங்காது. அங்கே பரீட்சையில் சித்தியடைவது ஒன்று, 'பிளாஸா', அதாவது பணியிடம், கிடைப்பது வேறொன்று. சித்தியடைந்தும் பணியிடம் கிடைக்காதவரை 'அப்ருவாட் சென்ஸ பிளாஸா' என்பார்கள். தற்காலிக வெற்றிடம் வந்தால் அழைப்பதற்காக வைத்திருக்கும் பெயர்ப்பட்டியல் 'போர்சா'. அதே சொல்லுக்குப் பங்குச்சந்தை என்றும் பொருள் உண்டு. கற்றலான் மொழிபெயர்ப்பாளரும் எங்களைப்போலவே முதலில் படியைப் பிடித்துவிட்டுத்தான் ஆங்கிலத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. சித்தியடைந்தும் நியமனம் கிடைக்காதவருக்குத் தமிழில் தனிச்சொல் இல்லை. ஆகவே அதை ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகவே எழுதவேண்டும். 'பாஸ்ட்' என்று மட்டும் விட்டால் வேலை கிடைத்ததாகவே வாசிப்பார்கள்.

இங்கே பரீட்சையின் வகையையும் பாருங்கள். 'திறந்த போட்டிப் பரீட்சை' தகுதியுள்ள எல்லோருக்கும் உரியது. 'மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை' ஏற்கனவே அரச சேவையில் குறித்த பதவிகளில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியது. ஆங்கிலத்தில் முறையே 'ஓப்பின் கொம்பெற்றிற்றிவ்', 'லிமிற்றெட் கொம்பெற்றிற்றிவ்'. இரண்டிலும் வெற்றிடங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப மேலிருந்து எடுப்பார்கள், குறைந்தபட்சப் புள்ளி எடுத்தால் மட்டும் போதாது. 'வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை' போட்டியே அல்ல. சேவையில் இருப்பவர் சம்பள ஏற்றத்துக்கும் தர உயர்வுக்கும் கடக்கவேண்டிய தடை அது. ஆங்கிலத்தில் 'எஃபிசியன்சி பார் எக்ஸாமினேஷன்' என்றே போடவேண்டும். 'பார்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு வாசகர் சட்டத்தரணிகளின் பரீட்சை என்று நினைப்பது உண்டு. ஆகவே முதல் தடவை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேருங்கள்.

தோற்றினாரா, தோற்றாரா

தமிழ்க் கடதாசியில் மிகப் பெரிய பள்ளம் இதுதான். 'தோற்று' என்ற வினைக்குப் பரீட்சை எழுதுதல் என்று பொருள். 'தோல்' என்ற வினைக்குத் தோல்வியடைதல் என்று பொருள். முதலாவது தோற்றினார், தோற்றிய, தோற்றாத என்று வரும். இரண்டாவது தோற்றார், தோற்ற, தோற்காத என்று வரும். இதுவரை குழப்பமில்லை. ஆனால் முதல் வினையின் 'செய' வடிவம் 'தோற்ற', இரண்டாவது வினையின் பெயரெச்சமும் 'தோற்ற'. எழுத்தில் ஒரு புள்ளி வித்தியாசமும் இல்லை.

தீர்ப்பதற்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். 'தோற்ற வேண்டும்', 'தோற்ற முடியாது', 'தோற்ற அனுமதி' என்று வினையோ அனுமதியோ தொடர்ந்தால் பரீட்சை எழுதுதல். 'தோற்ற பரீட்சார்த்திகள்' என்று பெயர்ச்சொல் நேரே தொடர்ந்தால் இலக்கணப்படி தோல்வியடைந்தவர்கள். ஆனால் திணைக்களங்கள் தோல்வியை அப்படி எழுதுவதில்லை, 'சித்தியடையாத' என்றே எழுதும். ஆகவே உத்தியோகபூர்வக் கடிதத்தில் அப்படி வந்தால் 'தோற்றிய' என்பதில் எழுத்துப்பிழை நேர்ந்திருக்கிறது என்று சந்தேகியுங்கள், பெறுபேற்றுத் தாளோடு ஒப்பிடுங்கள். வேற்றுமை உருபும் உதவும்: 'பரீட்சைக்கு' என்றால் எழுதியது, 'பரீட்சையில்' என்றால் பெரும்பாலும் தோல்வி. ஆனால் 'பரீட்சையில் தோற்றினார்' என்று எழுதுபவர்களும் உண்டு, உருபை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

கணினி மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் அடிக்கடி கவிழும். ஒரே பந்தியில் ஓரிடத்தில் 'தோன்றினார்' என்ற பொருளிலும் இன்னோரிடத்தில் 'தோல்வியடைந்தார்' என்ற பொருளிலும் ஆங்கிலம் தரும். கணினி தந்ததை வைத்து வேலை செய்பவர்கள், மூலத்தில் 'தோற்ற' வரும் இடங்களை எல்லாம் முதலில் கோடிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரு 'கு' செய்யும் வேலை

"2015.08.31 முதல்" என்றால் அந்தத் திகதியிலிருந்து. "2015.08.31 இற்கு முதல்" என்றால் அதற்கு முன்னர். யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'முதல்' என்பதை 'முன்' என்ற பொருளில் நாளாந்தம் பயன்படுத்துவதால், அது கடிதங்களுக்குள்ளும் நுழைந்துவிடும். கிராம அலுவலரோ பாடசாலை அதிபரோ கையால் எழுதிய கடிதத்தில் அந்த உருபு மங்கியிருந்தால் சேவைக் காலம் முழுக்கத் தலைகீழாகும். கடதாசியில் உள்ள மற்றத் திகதிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள். நியமனக் கடிதத்தில் 'தொடக்கம் செயற்படும் வண்ணம்' என்று வந்தால் 'வித் இஃபெக்ற் ஃப்ரொம்'. கடிதத்தின் மேலே இருக்கும் திகதி வேறு, செயற்படும் திகதி வேறு, கடமையேற்ற திகதி வேறு. மூன்றும் ஒரே கடதாசியில் இருந்தால் மூன்றையும் எழுதுங்கள், ஒன்றையும் 'சரிசெய்ய' வேண்டாம்.

'வீதம்' இன்னொரு கண்ணி. எங்கள் நாட்டில் வீதம் என்றால் நூற்றுக்கு இவ்வளவு. அதே சொல் 'ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு' என்றும் பொருள்படும். "ஒவ்வொரு வினாத்தாளிலும் 40 வீதம்" என்றால் சதவீதம். "வினாத்தாளொன்றுக்கு 40 புள்ளி வீதம்" என்றால் ஒவ்வொன்றிலும் 40 புள்ளி. வினாத்தாளுக்கு மொத்தம் 100 புள்ளி என்றால் இரண்டும் ஒன்றுதான். மொத்தம் 50 என்றால் முதலாவது 20 புள்ளி, இரண்டாவது 40 புள்ளி. ஆகவே மொத்தப் புள்ளியைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வரியை ஆங்கிலமாக்காதீர்கள்.

ஆண்டிலும் கவனம். பரீட்சையின் பெயரில் உள்ள ஆண்டும் அது நடந்த ஆண்டும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. க.பொ.த. உயர்தரம் 2022 (2023) என்பதில் அடைப்புக்குள் இருப்பது நடந்த ஆண்டு. போட்டிப் பரீட்சைகளின் பெயர்களிலும் இந்த வழக்கம் உண்டு. இரண்டையும் அப்படியே விடுங்கள். அடைப்பை நீக்கினால், வாசிப்பவர் ஒரு வருடத்தைக் காணவில்லை என்று கேள்வி கேட்பார்.

நிரந்தரம் என்றால் எது

"2012 இல் நிரந்தரமாக்கப்பட்டார்" என்ற வாக்கியத்துக்கு இரண்டு பொருள். அமைய அடிப்படையிலோ ஒப்பந்த அடிப்படையிலோ இருந்தவர் நிரந்தரப் பதவிக்கு உள்வாங்கப்பட்டிருக்கலாம். அல்லது ஏற்கனவே நிரந்தரப் பதவியில் தகுதிகாண் காலத்தில் இருந்தவர் பதவியில் உறுதிப்படுத்தப்பட்டிருக்கலாம். நியமனக் கடிதத்தில் 'இப்பதவி நிரந்தரமானது, ஓய்வூதிய உரித்துடையது' என்று முதல் நாளே இருக்கும், ஆனால் அந்த நாளில் ஆள் உறுதிப்படுத்தப்பட்டவர் அல்ல. தகுதிகாண் காலம் பெரும்பாலும் மூன்று வருடம். பதவி நிரந்தரம், ஆள் தகுதிகாணில். இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் காட்டாவிட்டால் பிழை. முதல் பொருளுக்கு 'அப்சோர்ப்ட் இன்ரு த பெர்மனென்ற் காடர்', இரண்டாவதற்கு 'கொன்ஃபேம்ட் இன் த போஸ்ற்'.

'அமைய', 'தற்காலிக', 'பதிலீட்டு', 'ஒப்பந்த' என்ற நான்கையும் 'ரெம்பொரரி' என்று ஒரே சொல்லில் அடைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதைக் கைவிடவேண்டும். ஓய்வூதியக் கணக்கில் இவை வேறுவேறு. முறையே 'கஷுவல்', 'ரெம்பொரரி', 'சப்ஸ்ரிரியூற்', 'கொன்ராக்ற்'.

'பதில்' என்பதும் இப்படித்தான். 'பதில் அதிபர்' என்றால் பொதுவாக 'அக்ரிங்', இல்லாத ஒருவரின் இடத்தில் இருப்பவர். ஆனால் ஏற்கனவே வேறொரு நிரந்தரப் பதவியில் உறுதிப்படுத்தப்பட்டவர் புதிய சேவைக்குத் தெரிவானால், தகுதிகாண் காலத்துக்குப் பதிலாக ஒரு வருடம் 'பதில்' அடிப்படையில் நியமிப்பது வழக்கம். அங்கே அவர் யாருடைய இடத்திலும் நிற்கவில்லை, அது அவருடைய சொந்தப் பதவி. ஆங்கிலத்தில் 'ஒன் அன் அக்ரிங் பேசிஸ் ஃபோர் வன் இயர்' என்று காலத்தோடு எழுதினால் குழப்பம் வராது. 'கடமை நிறைவேற்று அதிபர்' மூன்றாவது வகை, அதற்கு 'பெர்ஃபோமிங்'.

அதே அதிபரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இங்கே அதிபர் என்றால் பாடசாலைத் தலைவர், 'இலங்கை அதிபர் சேவை' அவர்களுடைய சேவை. 'அரசாங்க அதிபர்' என்றால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருக்கும் மாவட்டச் செயலாளர், ஆங்கிலத்தில் 'கவண்மென்ற் ஏஜென்ற்'. தமிழ்நாட்டு வழக்கில் அதிபர் என்றால் நாட்டின் ஜனாதிபதி. அந்த வழக்குக்குப் பழகிய மொழிபெயர்ப்பாளரிடமோ கணினியிடமோ கொடுத்தால் ஆசிரியர் ஒருவரை நாட்டுத் தலைவர் ஆக்கிவிடும். 'தேர்வு' என்பதும் அங்கே பரீட்சை, இங்கே பெரும்பாலும் தெரிவு.

தரமும் திறமையும்

'தரம்' என்று கண்டால் முன்னும் பின்னும் பாருங்கள். பாடசாலையில் தரம் 5 என்றால் வகுப்பு. உயர்தரம் என்றால் 'அட்வான்ஸ்ட் லெவல்'. சேவையின் மூன்றாந் தரம் என்றால் 'கிரேட்'. பழைய நியமனக் கடிதங்களில் 'இரண்டாம் வகுப்பு இரண்டாம் தரம்' என்று வரும், அங்கே வகுப்பு 'கிளாஸ்', தரம் 'கிரேட்'. இரண்டையும் 'கிரேட்' ஆக்கிவிட்டால் பதவி உயர்வே காணாமல் போகும். 'திறமை' என்பது 'திறமைச் சித்தி'யில் 'கிறெடிற்', 'சேவை மூப்பும் திறமையும்' என்பதில் 'மெறிற்'. 'சாதாரண தரம்' பரீட்சையின் பெயர், 'சாதாரண சித்தி' பெறுபேறு. ஒன்றின் இடத்தில் மற்றது வந்தால் வாசிப்பவருக்குப் பரீட்சையும் பெறுபேறும் கலந்துபோகும்.

'கல்லூரி'யையும் இங்கே சேர்க்கலாம். எங்கள் ஊரில் கல்லூரி என்ற பெயருள்ள பெரும்பாலானவை பாடசாலைகள். பெயரை மாற்றவேண்டாம், ஆனால் பக்கத்தில் பாடசாலை என்று தெரியும்படி எழுதுங்கள். கோப்பாயில் ஆசிரிய கலாசாலையும் இருக்கிறது, தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கிறது. முதலாவது 'ரீச்சர்ஸ் கொலேஜ்', மற்றது 'நஷனல் கொலேஜ் ஒஃப் எடியூக்கேஷன்'. "கோப்பாயில் பயிற்சி முடித்தவர்" என்று மட்டும் கடிதத்தில் இருந்தால் சான்றிதழைக் கேளுங்கள்.

சேவைகளின் பழைய பெயர்களை இன்றைய பெயராக்க வேண்டாம். இலங்கை சிவில் சேவை 1963 மே 1 உடன் முடிந்து நிருவாக சேவை வந்தது. ஆகவே இன்றைய நிருவாக சேவை உத்தியோகத்தரை 'சிவில் சேவை' என்ற பெயரில் எழுதுவது பிழை, 1950களின் கடிதத்தில் 'நிருவாக சேவை' என்று போடுவதும் பிழை. அதேபோல் வடக்கும் கிழக்கும் ஒரே மாகாண நிருவாகமாக இருந்த 1990களின் நியமனக் கடிதங்களில் 'வடக்கு கிழக்கு மாகாணம்' என்றும் திருகோணமலை முகவரியும் இருக்கும். அதை வட மாகாணம் என்று மாற்றினால் மூலத்தோடு ஒத்துவராது.

வர்த்தமானியை வைத்துச் சரிபார்த்தல்

விளம்பரத்தையோ தகைமை விதியையோ மொழிபெயர்க்கவேண்டி வந்தால், புதிதாக மொழிபெயர்க்காதீர்கள். ஆட்சேர்ப்புப் பரீட்சை அறிவித்தல்கள் வெள்ளிக்கிழமைகளில் வரும் அரச வர்த்தமானியின் முதலாம் பகுதியில் மூன்று மொழிகளிலும் வருகின்றன. ஆங்கிலப் பதிப்பை எடுத்து அந்த வாசகத்தையே பயன்படுத்துங்கள். க.பொ.த. சான்றிதழ்களையும் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து ஆங்கிலத்தில் நேரே பெறலாம், அதற்கு வாடிக்கையாளரிடம் மொழிபெயர்ப்புக் காசு வாங்குவது நியாயமில்லை.

ஆங்கிலப் பதிப்பு தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம் தமிழின் வாக்கிய அமைப்பு. "அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகமொன்றில் பெற்ற பட்டம் அல்லது மூன்று வருட சேவைக் காலத்துடன் கூடிய டிப்ளோமா" என்ற வரியில், டிப்ளோமாவும் பல்கலைக்கழகத்தில் பெற்றதாக இருக்கவேண்டுமா? அடைமொழி முன்னால் நிற்பதால் தமிழில் இரண்டு மாதிரியும் வாசிக்கலாம். சிங்களத்திலும் அடைமொழி முன்னாலேயே நிற்பதால் அங்கேயும் அதே குழப்பம் இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதியவர் ஒரு பக்கத்தைத் தெரிவுசெய்தே ஆகவேண்டும், அவர் தெரிவுசெய்ததே உங்களுக்கு வழி. ஆனால் அறிவித்தலின் அடியில், மூன்று மொழிகளுக்கும் இடையே முரண்பாடு வந்தால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அதை விடாமல் மொழிபெயர்த்துச் சேருங்கள்.

ஆணா பெண்ணா

'அவர்', 'விண்ணப்பதாரி', 'உத்தியோகத்தர்' எதுவும் பாலைக் காட்டாது, ஆங்கிலத்தில் 'ஹி' அல்லது 'ஷி' போட்டே ஆகவேண்டும். பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே அந்த மூன்று இலக்கம் 500 இற்கு மேல் என்றால் பெண். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாக இருப்பதால் ஐந்தாவதிலிருந்து ஏழாவது வரை பாருங்கள். பிறந்த திகதி சரியா என்பதையும் இதே இலக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தெளியாத இடம்

எட்டுப் படிகளை எழுதிய தாளில் இன்னும் வெறுமை இருந்தால் வாடிக்கையாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: நியமனக் கடிதம் இருக்கிறதா, முதற் சம்பளம் எந்த மாதம், உறுதிப்படுத்திய கடிதம் வந்ததா. முதற் சம்பளத்தைக் கேட்பதற்குக் காரணம், திகதிகளை மறந்தவர்களுக்கும் அது நினைவிருக்கும். ஆனால் வாய்ச்சொல்லை மொழிபெயர்ப்புக்குள் நுழைக்காதீர்கள். எந்தக் கடதாசியைத் தேடவேண்டும் என்று காட்டுவதற்கு மட்டும் அது.

கடதாசி கிடைக்கவில்லை என்றால் மூலத்தின் மங்கலை மங்கலாகவே விடவேண்டும். இரண்டு பொருளுக்கும் இடம்கொடுக்கும் ஆங்கிலத்தை எழுதி, சதுர அடைப்புக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தலைப்பிட்டு, மூலச் சொல்லை ஒலிபெயர்த்து, அது தரக்கூடிய இரண்டு பொருளையும் சொல்லுங்கள். உதாரணமாக: மூலத்தில் உள்ள 'எடுத்தவர்' என்ற சொல் பரீட்சைக்குத் தோற்றியதையோ அதன்மூலம் சேவையில் சேர்ந்ததையோ குறிக்கலாம், மூலத்தில் வேறு விபரம் இல்லை. குறிப்பு இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது, அபிப்பிராயமும் இருக்கக்கூடாது. அந்தப் பக்கத்துக்கும் மற்றப் பக்கங்களைப் போலவே கையொப்பமும் முத்திரையும் வையுங்கள். குறிப்புள்ள பக்கத்தை மட்டும் விட்டுவிட்டால், அது பின்னர் யாரோ சேர்த்தது என்று திருப்பி அனுப்புவார்கள்.